இணையத்தில் அறிவியல் புனைவு, மிகுபுனைவு இதழ்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறிவியல் புனைவும் மிகுபுனைவும் (ஃபேன்டசி) வெளியிடும் ஓர் இணைய இதழில் நான் முதல்வாசிப்பாளராக இருக்கிறேன். முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் கதைகளை ஆசிரியருக்கு முன்பே படித்துப் பிரிப்பது என் வேலை. சம்பளம் கிடையாது, விருப்பத்தால் செய்வது. எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான பதில்களை இங்கே ஓரிடத்தில் சேர்த்து வைத்திருக்கிறேன்.

கதையை நானே இணையத்தில் போட்டுவிடலாமே? நடுவில் இதழ் எதற்கு?

போடலாம். யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் இதழ் செய்யும் மூன்று வேலைகளைத் தனியாளாகச் செய்வது கடினம். முதலாவது, உங்களை யாரென்றே தெரியாத ஒருவர் உங்கள் கதையைப் படித்து, இது போதும் அல்லது போதாது என்று சொல்கிறார். நண்பர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். இரண்டாவது, கதை ஏற்கப்பட்ட பிறகு ஆசிரியர் உங்களோடு உட்கார்ந்து வரிவரியாக அதைச் செப்பனிடுகிறார். மூன்றாவது, எழுதியதற்குச் சன்மானம் வருகிறது.

இவற்றில் முதலாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். முகம் தெரியாத ஒருவரின் கதையை முழுக் கவனத்தோடு படிக்க ஆள் இருக்கிறவரைதான் அது இதழ். அந்தக் கவனம் போய்விட்டால் மிஞ்சுவது தெரிந்தவர்களின் கதைகளைத் தொகுத்துப் போடும் பக்கம் மட்டுமே.

இந்த இதழ்கள் எப்போது தொடங்கின?

இந்த வகை எழுத்தே இதழ்களில் வளர்ந்ததுதான். அமெரிக்காவில் 1923-இல் வியர்ட் டேல்ஸ் வந்தது. 1926 ஏப்ரலில் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் அமேசிங் ஸ்டோரிஸ் இதழைத் தொடங்கினார். அறிவியல் புனைவுக்கென்றே வந்த முதல் ஆங்கில இதழ் அது. 1953 முதல் வழங்கப்படும் ஹ்யூகோ விருது அவர் பெயரால் வருவது. மலிவான தாளில் அச்சாகிக் கடைகளில் தொங்கிய அந்த இதழ்கள்தான் அடுத்த பல பத்தாண்டுகளுக்கு எழுத்தாளர்களை உருவாக்கின.

இணையத்தைப் பொறுத்தவரை 2000-ஆம் ஆண்டுதான் திருப்பம். அந்த ஆண்டு இரண்டு இதழ்கள் வந்தன. ஒன்று, ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் தளத்தில் எல்லன் டாட்லோ ஆசிரியராக இருந்து நடத்திய சைஃபிக்ஷன். மற்றொன்று ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ். அதைத் தொடங்கியவர் மேரி ஆன் மோகன்ராஜ், இலங்கையில் பிறந்த தமிழர். தமிழ் வாசகர்களிடம் இதைச் சொல்லும் வாய்ப்பை நான் விடுவதே இல்லை. இன்றுவரை நிற்காமல் வரும் இந்தத் துறையின் மூத்த இணைய இதழ்களில் ஒன்றுக்கு ஒரு தமிழ்ப்பெண் அடித்தளம் போட்டிருக்கிறார். நம்மில் பலருக்கு அது தெரிவதில்லை.

அதன் பிறகு 2006-இல் கிளார்க்ஸ்வேர்ல்ட், 2008-இல் டோர்.காம் (2024 முதல் ரியாக்டர் என்ற பெயரில் வருகிறது), அதே ஆண்டில் பினீத் சீஸ்லெஸ் ஸ்கைஸ், 2010-இல் லைட்ஸ்பீட், 2014-இல் அன்கேனி என்று வரிசையாக வந்தன.

அச்சிதழுக்கும் இணைய இதழுக்கும் ஊடகத்தைத் தவிர வேறென்ன வித்தியாசம்?

யார் எழுதலாம் என்பதே மாறிவிட்டது. முன்பெல்லாம் வெளிநாட்டு இதழுக்குக் கதை அனுப்ப வேண்டுமென்றால் தாளில் ஒருபக்கம் மட்டும் இரட்டை இடைவெளிவிட்டுத் தட்டச்சு செய்து, வான்வழித் தபாலில் அனுப்ப வேண்டும். பதில் வருவதற்கான தபால் செலவும் உங்களுடையதுதான். உங்கள் நாட்டுத் தபால்தலை அங்கே செல்லாது என்பதால் பன்னாட்டுப் பதிலஞ்சல் கூப்பன் வாங்கி உள்ளே வைக்க வேண்டும். நிராகரிப்பு வந்துசேர மாதங்கள் ஆகும். இத்தனையும் ஒரு கதைக்கு. பணமும் பொறுமையும் உள்ளவர்கள்தான் இந்த ஆட்டத்தில் நீடிக்க முடிந்தது. இணையம் பரவிய பிறகும் சில பெரிய அச்சிதழ்கள் நெடுநாள் தாளில்தான் கதை வாங்கிக்கொண்டிருந்தன.

இணைய இதழ்கள் அந்தச் சுவரை இடித்தன. இன்று எந்த நாட்டிலிருந்து கதை அனுப்பினாலும் செலவு ஒன்றுதான்: ஒன்றுமில்லை. ஆப்பிரிக்க எழுத்தாளர்களுக்காக 2014-இல் ஓமெனானா தொடங்கியதும், கறுப்பின எழுத்தாளர்களுக்காக 2017-இல் ஃபையா தொடங்கியதும் இணையத்தால்தான் சாத்தியமாயின.

அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் எல்லை எங்கே?

கதைக்குள் நடக்கும் அதிசயத்துக்கு அந்த உலகம் என்ன காரணம் சொல்கிறது என்று பாருங்கள். இயற்கை விதிகளின் நீட்சியாகச் சொன்னால் அறிவியல் புனைவு. அந்த விதிகளுக்கு வெளியே வைத்தால் மிகுபுனைவு. நடுவில் அகலமான ஒரு நிலப்பரப்பு இருக்கிறது, நல்ல கதைகள் பலவும் அங்கேதான் குடியிருக்கின்றன. ஆங்கிலத்தில் இரண்டையும் சேர்த்து ஸ்பெகுலேட்டிவ் ஃபிக்‌ஷன் என்பார்கள். தமிழில் அதற்குக் கனவுருப்புனைவு என்ற சொல் புழங்குகிறது. எனக்குப் பிடித்த சொல் அது.

அனுப்பும் முன் ஒன்றைக் கவனியுங்கள். எல்லா இதழும் இரண்டையும் வாங்குவதில்லை. பினீத் சீஸ்லெஸ் ஸ்கைஸ் முழுக்கக் கற்பனையான வேறோர் உலகில் நடக்கும் மிகுபுனைவையே விரும்பும். அதற்கு விண்கலக் கதையை அனுப்பினால் எவ்வளவு நல்ல கதையானாலும் திரும்பிவரும்.

கதைகளை இலவசமாகப் படிக்கக் கொடுத்தால் இதழுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் வாசகர்களிடமிருந்துதான். தளத்தில் யாரும் படிக்கலாம். விரும்புகிறவர்கள் மின்னூல் வடிவத்துக்குச் சந்தா கட்டுவார்கள், பேட்ரியானில் மாதம் ஒரு தொகை தருவார்கள், ஆண்டுக்கொருமுறை நடக்கும் நன்கொடைத் திரட்டலில் பங்கேற்பார்கள். அன்கேனி கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டித்தான் தொடங்கியது. ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ் நன்கொடையால் நடப்பது, அதன் ஆசிரியர் குழுவில் எல்லாருமே தன்னார்வலர்கள். எழுதுகிறவர்களுக்குச் சன்மானம் உண்டு, நடத்துகிறவர்களுக்கு இல்லை.

இலவசமாகப் படிக்கிறவர்களே எப்போதும் பெரும்பான்மை. சிறுபான்மையினர் கட்டும் பணத்தில் எல்லாரும் படிக்கிறார்கள். இது எவ்வளவு மெல்லிய கயிறு என்பது 2023-இல் தெரிந்தது. கிண்டில் கருவியில் இதழ்களுக்குச் சந்தா கட்டும் வசதியை அமேசான் அந்த ஆண்டு செப்டம்பரில் நிறுத்தியது. பல இதழ்களின் சந்தாதாரர்களில் பெரும்பகுதியினர் அந்த வழியாக வந்தவர்கள். அவர்களின் முகவரிகூட இதழ்களிடம் இல்லை. விற்பனைக் கணக்கு அத்தனையும் இடையில் நின்ற நிறுவனத்திடம் இருந்தது. “எங்களிடம் நேரடியாகச் சந்தா கட்டுங்கள்” என்று அந்தச் சில மாதங்கள் இதழ்கள் மன்றாடின. நீங்கள் விரும்பிப் படிக்கும் இதழ் எதுவானாலும் முடிந்தவரை அதனிடமே நேராகப் பணம் சேரும்படி பாருங்கள்.

எழுதுகிறவருக்கு எவ்வளவு கிடைக்கும்?

ஆங்கில இதழ்களில் சொல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. 1965-இல் தொடங்கிய அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் சங்கமான எஸ்.எஃப்.டபிள்யூ.ஏ., 2019-இல் தொழில்முறைச் சன்மானத்தின் குறைந்தபட்சத்தைச் சொல்லுக்கு 8 அமெரிக்க சென்ட் என்று உயர்த்தியது. 5,000 சொல் கதைக்கு 400 டாலர். அதற்கு மேல் தரும் இதழ்களும் உண்டு. அதற்குக் கீழே தருவனவற்றை அரைத்தொழில்முறை என்றும், பெயரளவுக்குத் தருவன என்றும் பிரித்துச் சொல்வார்கள்.

சிறுகதை எழுதியே யாரும் வாழ்ந்துவிட முடியாது. ஆனாலும் அந்தத் தொகைக்கு ஓர் அர்த்தம் உண்டு. உங்கள் வேலையை இன்னொருவர் வேலையாக மதிக்கிறார். சன்மானமே தராத இதழில் வெளியிடுவது தவறில்லை, ஆனால் கதையை முதலில் சன்மானம் தருகிற இடத்துக்கு அனுப்பிப் பார்த்துவிட்டுக் கீழே இறங்குங்கள்.

நான் அனுப்பும் கதையைப் படிக்கக் கட்டணம் கேட்கிறார்களே?

கொடுக்காதீர்கள். இந்தத் துறையில் பணம் எழுதுகிறவரை நோக்கி வரவேண்டும், அவரிடமிருந்து போகக் கூடாது. சந்தேகம் வந்தால் எஸ்.எஃப்.டபிள்யூ.ஏ. ஆதரவில் இயங்கும் ரைட்டர் பிவேர் பக்கத்தில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள்.

கதை எவ்வளவு நீளம் இருக்கலாம்?

இந்தத் துறையின் பெரிய விருதுகளான ஹ்யூகோ, நெபுலா ஆகியவற்றின் பகுப்பையே பெரும்பாலும் எல்லாரும் பின்பற்றுகிறார்கள். 7,500 சொல்லுக்குள் சிறுகதை. 7,500 முதல் 17,500 வரை நெடுங்கதை. 17,500 முதல் 40,000 வரை குறுநாவல். அதற்கு மேல் நாவல். 1,000 சொல்லுக்குள் அடங்குவதைக் குறுங்கதை என்று தனியாக வாங்கும் இதழ்களும் உண்டு.

சொற்கணக்கில் தமிழுக்கு ஒரு சிக்கல். “போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்” என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதுவே ஐந்தாறு சொல்லாக விரியும். தமிழில் 3,000 சொல்லில் எழுதிய கதை மொழிபெயர்ப்பில் 4,500-ஐத் தொட்டுவிடலாம். இதழின் வரம்பைப் பார்க்கும்போது மொழிபெயர்த்த பிரதியைத்தான் எண்ண வேண்டும்.

நீங்கள் ஒரு கதையை எப்படிப் படிக்கிறீர்கள்? முதல் பத்தியோடு தூக்கிப்போட்டுவிடுவீர்களா?

இதைக் கேட்காதவர் இல்லை, அதனால் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

மாதத்துக்குச் சில நூறு கதைகள் வரும் இதழில் இடமிருப்பது ஏழெட்டுக் கதைகளுக்குத்தான். வந்து குவிந்திருப்பதை ஸ்லஷ் குவியல் என்பார்கள். சேறு என்று பொருள்படும் அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவே இல்லை. ஒவ்வொரு கோப்புக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் வேலை முடிந்து வந்து விளக்கைப் போட்டு எழுதியிருக்கிறார்.

முதல் பத்தியில் நான் தேடுவது அதிர்ச்சியை அல்ல. எழுதுகிறவர் எங்கே நிற்கிறார் என்று தனக்குத் தெரிந்து நிற்கிறாரா என்பதைத்தான். அது ஓரிரு வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். எழுத்துப்பிழைக்காக நான் எந்தக் கதையையும் ஒதுக்கியதில்லை. பிழை திருத்திக்கொள்ளக் கூடியது. வேற்றுமொழியில் எழுதுகிறவர் என்றால் இன்னும் பொறுமையாகப் படிப்பேன்.

பெரும்பாலான கதைகள் சரிவது இரண்டாம், மூன்றாம் பக்கத்தில். நன்றாகத் தொடங்கிய கதையை நிறுத்திவைத்து, அந்த உலகின் முன்னூறு ஆண்டு வரலாறு, எந்தப் போரில் யார் வென்றார்கள், கப்பலின் எந்திரம் எப்படி இயங்குகிறது என்று விளக்கத் தொடங்குவார்கள். தான் உழைத்துக் கட்டிய உலகத்தைக் காட்டிவிட வேண்டும் என்ற தவிப்பு புரிகிறது. ஆனால் ஒரு வீட்டில் வளர்ந்தவர் அந்த வீட்டின் அறைகளை எண்ணிச் சொல்ல மாட்டார், இருட்டில்கூடச் சரியாகக் கைநீட்டி விளக்கைப் போடுவார். பாத்திரங்கள் அப்படிப் புழங்கினாலே உலகம் எங்களுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த பெரும் சரிவு முடிவில். எல்லாம் கனவு என்பது, கதைசொல்லி உண்மையில் எந்திரம் என்பது, இந்தப் பாழ்நிலம்தான் பூமி என்பது. கடைசி வரியில் ஒளித்துவைத்த அந்த ஒரு தகவலை எடுத்துவிட்டால் கதையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் அது கதையாகவில்லை.

எந்தக் கதையை ஆசிரியருக்கு அனுப்புகிறேன்? படித்துக்கொண்டிருப்பது என் வேலை என்பதையே நான் மறந்துபோன கதையை. அது மாதத்தில் இரண்டு மூன்று முறை நடக்கும். அப்போது எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்து மறுபடி படிப்பேன். இரண்டாம் முறையும் நின்றால் அனுப்பிவிடுவேன்.

அலுத்துப்போன கதைக்கருக்கள் என்று பட்டியல் உண்டா?

உண்டு. ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ் தங்களுக்கு அளவுக்கு அதிகமாக வந்த கதைகளின் பட்டியலை வெளிப்படையாகவே போட்டு வைத்திருக்கிறது. எழுதத் தொடங்குகிறவர்கள் படிக்க வேண்டிய பட்டியல். நம் புத்தியில் தானாக உதிக்கும் முதல் யோசனை மற்றவர் புத்தியிலும் தானாக உதிக்கிறது என்று அது காட்டும். அதைத் தடைச்சட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பட்டியலில் இருக்கும் கருவை வைத்து எழுதப்பட்ட அருமையான கதைகளை நான் படித்திருக்கிறேன். முதல் யோசனையில் நிற்காமல் மூன்றாவது, நான்காவது யோசனைவரை போனவர்கள் எழுதியவை அவை.

அறிவியல் எவ்வளவு சரியாக இருக்க வேண்டும்?

அது இதழைப் பொறுத்தது. ஆனால் எல்லா இதழுக்கும் பொதுவாக ஒன்று சொல்வேன்: தெரிந்த அறிவியலை மீறுவதானால் தெரிந்தே மீறுங்கள்.

செவ்வாயில் இருப்பவர் பூமியில் இருப்பவரோடு தொலைபேசியில் சண்டை போடும் கதைகள் வருகின்றன. இரு கோள்களும் நகர்ந்துகொண்டே இருப்பதால் ஒளி அங்கே போய்ச்சேர ஏறக்குறைய 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். ஒரு கேள்விக்குப் பதில் வர அதைப்போல் இருமடங்கு. வார்த்தைக்கு வார்த்தை பேசிச் சண்டை போடவே முடியாது. இதைப் பிழை என்று சொல்லித் திருத்தச் சொன்னால் எழுதியவர்கள் வருத்தப்படுவார்கள், கதை கெட்டுவிடும் என்று. எனக்கு நேர்மாறாகத் தோன்றும். ஒருத்தி கோபத்தில் ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடுகிறாள். அடுத்த நிமிடமே மனம் மாறி மன்னிப்பும் அனுப்புகிறாள். இரண்டும் ஒரு நிமிட இடைவெளியில் வானத்தில் போய்க்கொண்டிருக்கின்றன, எதையும் திரும்ப அழைக்க முடியாது. அந்த முதல் செய்தியைக் கேட்டதும் மறுமுனையில் இருப்பவர் அடுத்ததைக் கேட்காமல் அணைத்துவிட்டால்? தொலைபேசிச் சண்டையைவிட இது நல்ல கதை. கொடுத்தது இயற்பியல்.

மிகுபுனைவுக்கும் இதே நியாயம்தான். மந்திரத்துக்கு ஒரு விலை வைத்தீர்கள் என்றால் கடைசிப் பக்கத்தில் நாயகனுக்காக அதைத் தள்ளுபடி செய்யாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதிய கதையை அனுப்பலாமா?

கூடாது. இன்று ஏறக்குறைய எல்லா முக்கிய இதழ்களும் தங்கள் விதிகளில் இதைத் தெளிவாக எழுதியிருக்கின்றன.

எப்படி இந்த நிலை வந்தது என்று சொன்னால்தான் காரணம் விளங்கும். 2022 இறுதியில் சாட்ஜிபிடி பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. கதை எழுதி எளிதாகச் சம்பாதிக்கலாம் என்று ஆசைகாட்டும் காணொளிகள் பெருகின. சன்மானம் நன்றாகத் தருவதாலும் யாரும் கதை அனுப்பலாம் என்பதாலும் இந்த இதழ்கள்தான் முதல் இலக்காயின. 2023 பிப்ரவரியில் கிளார்க்ஸ்வேர்ல்ட் இதழுக்கு மனிதர்கள் எழுதிய கதைகள் சுமார் 700 வந்தபோது எந்திரம் எழுதியவை 500 வந்திருந்தன. மாதம் முடியும் முன்பே, பிப்ரவரி 20 அன்று, ஆசிரியர் நீல் கிளார்க் கதை வாங்குவதையே நிறுத்திவைத்தார். மறுமாதம்தான் திறக்க முடிந்தது. அசிமோவ்ஸ் இதழுக்கு ஒரே தலைப்பில், ‘கடைசி நம்பிக்கை’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில், இருபதுக்கு மேற்பட்ட கதைகள் வந்தன.

அந்தக் கதைகள் நன்றாக இல்லை என்பது பெரிய விஷயமில்லை. நன்றாக இல்லாத கதைகளைப் படிப்பது எங்களுக்குப் பழக்கம்தான். மோசமான கதை எழுதிய மனிதர் அடுத்த ஆண்டு நல்ல கதை எழுதக் கூடும். அப்படி வளர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அந்த நம்பிக்கையில்தான் படிக்கிறோம். எந்திரம் தந்ததைப் படிக்கச் செலவான நேரம் யாருக்கும் போய்ச்சேருவதில்லை, உண்மையிலேயே எழுதிய ஒருவரிடமிருந்து பிடுங்கிய நேரம் அது. இதைத் தடுக்கக் கட்டணம் வைக்கலாம், தெரிந்தவர்களிடம் மட்டும் வாங்கலாம், சில நாடுகளைத் தவிர்க்கலாம் என்றெல்லாம் யோசனைகள் வந்தன. ஒவ்வொன்றும் கதவைச் சாத்துவது முதன்முறை அனுப்புகிற, பணமில்லாத, தொலைவில் இருக்கிற எழுத்தாளரின் முகத்தில்தான். தபால் கூப்பன் காலத்துச் சுவரை மறுபடி எழுப்புவதுதான் அது. அதனால் பெரும்பாலான இதழ்கள் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, வந்தவற்றைக் கூடுதல் உழைப்போடு பிரிக்கின்றன.

எழுத்துப்பிழை காட்டும் மென்பொருளையும் இதில் சேர்ப்பார்களா என்று கேட்கிறார்கள். ஒவ்வோர் இதழின் விதியும் வேறு. படித்துவிட்டு, ஐயம் இருந்தால் அனுப்பும் முன்பே கேட்டு எழுதுங்கள்.

ஒரே கதையை ஒரே நேரத்தில் பல இதழ்களுக்கு அனுப்பலாமா?

பல இதழ்கள் அனுமதிப்பதில்லை. ஒன்றிடமிருந்து பதில் வந்த பிறகே அடுத்ததற்கு. அனுமதிக்கும் இதழாக இருந்தால், வேறிடத்தில் ஏற்கப்பட்டதும் உடனே தெரிவித்துத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். எங்கே எது இருக்கிறது என்று குறித்துவைக்க சப்மிஷன் கிரைண்டர் என்ற இலவசத் தளம் உதவும். எந்த இதழ் சராசரியாக எத்தனை நாளில் பதில் தருகிறது என்பதும் அங்கே தெரியும்.

கோப்பு எந்த வடிவில் இருக்க வேண்டும்?

வில்லியம் ஷன் தொகுத்த கையெழுத்துப்படி வடிவத்தைப் பெரும்பாலான ஆங்கில இதழ்கள் கேட்கின்றன: இரட்டை இடைவெளி, எளிய எழுத்துரு, மேலே பெயரும் சொல் எண்ணிக்கையும். பெயரை மறைத்துப் படிக்கும் இதழ்கள் கோப்பில் பெயரே இருக்கக் கூடாது என்பார்கள். முகப்புக் கடிதம் மூன்று வரி போதும். கதைச்சுருக்கம் வேண்டாம். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் கதையைப் படிக்கும் சுகம் எங்களுக்குப் போய்விடுகிறது.

எந்த உரிமைகளைக் கொடுக்கிறேன்?

வழக்கமாக முதல் வெளியீட்டு உரிமையும், குறிப்பிட்ட காலத்துக்கு, சில மாதங்கள் முதல் ஓராண்டு வரை, வேறெங்கும் வெளியிடாமல் இருக்கும் ஒப்புதலும். அந்தக் காலம் முடிந்ததும் கதை உங்களுடையது. தொகுப்பில் சேர்க்கலாம், மொழிபெயர்க்கத் தரலாம், மறுபிரசுரத்துக்கு விற்கலாம். சிறந்த கதைகளின் ஆண்டுத் தொகுப்புகளுக்கு இந்தத் துறையில் நீண்ட மரபு உண்டு. கார்ட்னர் டோசுவா ஒருவரே 1984 முதல் 2018 வரை 35 தொகுதிகள் கொண்டுவந்தார். அப்படிப்பட்ட தொகுப்பில் இடம்பெற்றால் இன்னொரு முறை சன்மானம் வரும்.

“அனைத்து உரிமைகளும்”, “எல்லா ஊடகங்களிலும்”, “நிரந்தரமாக” என்ற சொற்கள் ஒப்பந்தத்தில் இருந்தால் கையெழுத்திடாதீர்கள். திருத்தித் தரும்படி கேளுங்கள். நல்ல இதழ் அதற்குக் கோபித்துக்கொள்ளாது. நானே தொடக்கத்தில் ஒரு சிறு தொகுப்புக்குக் கதை கொடுத்தபோது ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டேன். அந்தக் கதையை இன்றுவரை வேறெங்கும் பயன்படுத்த முடியவில்லை.

முகநூலில் போட்ட கதையை அனுப்பலாமா?

யாரும் பார்க்கும்படி இருந்தால் அது வெளியானதாகவே கருதப்படும். நீக்கிவிட்டாலும் முதல் வெளியீட்டு உரிமை போனது போனதுதான். மறுபிரசுரம் ஏற்கும் இதழ்களைப் பாருங்கள்.

நான் தமிழில்தான் எழுதுகிறேன். எனக்கு இதில் இடமுண்டா?

உண்டு. தமிழிலேயே வெளியிட வேண்டுமென்றால் கனவுருப்புனைவுக்கென்று 2018-இல் தொடங்கிய அரூ இதழைப் படித்துப் பாருங்கள்.

ஆங்கிலத்தில் போக வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பு வழி இருக்கிறது. ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ் 2017-இல் சமோவார் என்று மொழிபெயர்ப்புக்கென்றே தனி இதழ் தொடங்கியது. அதில் ஆங்கில வடிவத்தோடு மூலமொழிப் பிரதியையும் சேர்த்தே வெளியிடுகிறார்கள். கிளார்க்ஸ்வேர்ல்ட் 2015 முதல் சீனக் கதைகளைத் தொடர்ந்து மொழிபெயர்த்து வெளியிட்டது. சீன அறிவியல் புனைவை ஆங்கில வாசகர்கள் அறிந்துகொண்டதில் அதற்குப் பங்கு உண்டு. தமிழுக்கு அப்படி நடக்காமல் இருக்க ஒரு காரணமும் இல்லை, மொழிபெயர்ப்பாளர்கள் போதாது என்பதைத் தவிர. இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்தவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால், ஒரு கதையை எடுத்து, எழுதியவரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு, மொழிபெயர்த்துப் பாருங்கள். மொழிபெயர்ப்பாளருக்கும் தனியாகச் சன்மானம் தரும் இதழ்கள் இருக்கின்றன.

படிப்பதற்குப் பதில் கேட்க முடியுமா?

முடியும். எஸ்கேப் பாட் 2005 முதல் அறிவியல் புனைவுகளை ஒலிவடிவில் தருகிறது. கிளார்க்ஸ்வேர்ல்ட், லைட்ஸ்பீட், அன்கேனி போன்றவையும் கதைகளுக்கு ஒலிவடிவம் தருகின்றன. வாய்விட்டுப் படித்தால் இடறும் வாக்கியத்தை எழுதுகிறவரும் திருத்திக்கொள்ளலாம்.

இணைய இதழ்க் கதைகளுக்கு விருது கிடைக்குமா?

முதலில் தயங்கினார்கள். 2000-ஆம் ஆண்டுக்கான நெபுலா விருதைக் குறுநாவல் பிரிவில் வென்ற லிண்டா நகாட்டாவின் படைப்பு சைஃபிக்ஷன் தளத்தில் வந்தது. இணையத்தில் வெளியான ஒன்று நெபுலா வென்றது அதுவே முதல் முறை. இப்போது நிலைமை தலைகீழ். சிறுகதைப் பிரிவின் இறுதிப் பட்டியல்களில் இணைய இதழ்களே பெரும்பாலும் நிறைந்திருக்கின்றன. ஹ்யூகோவுக்கு வாக்களிப்பவர்கள் வாசகர்கள், எல்லாரும் எளிதில் படிக்க முடிந்த கதைக்கே வாக்கு சேர்கிறது.

இதழ் நின்றுபோனால் அதில் வந்த கதை என்னாகும்?

இதுதான் இணையத்தின் பெரிய பலவீனம். சைஃபிக்ஷன் 2005 இறுதியில் மூடப்பட்டது. சில காலம் கழித்து அதன் பழைய கதைகளையும் தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பழைய அச்சிதழ் எங்காவது ஒரு பரணில் மிஞ்சியிருக்கும். நீக்கப்பட்ட பக்கம் இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற காப்பகத்தில் சிக்கியிருந்தால்தான் உண்டு. ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ் தன் முதல் இதழிலிருந்தே கதைகளைப் படிக்கக் கிடைக்கும்படி வைத்திருப்பதை இதனால்தான் பெரிதாகப் பேசுகிறேன். உங்கள் பங்குக்கு, வெளியான வடிவத்தின் ஒரு படியை, செம்மையாக்கத்துக்குப் பின் வந்த இறுதி வடிவத்தை, உங்கள் கணினியில் சேமித்து வையுங்கள். பலரிடம் தாங்கள் அனுப்பிய பழைய வடிவம் மட்டும்தான் இருக்கிறது.

நிராகரிப்புக் கடிதம் வந்தால் பதில் எழுத வேண்டுமா?

வேண்டாம். நன்றி சொல்லியும் வேண்டாம், விளக்கம் கேட்டும் வேண்டாம். பெரும்பாலும் அது அச்சடித்த கடிதம்தான். அதில் “இன்னொரு கதை அனுப்புங்கள்” என்று தனியாக ஒரு வரி சேர்த்திருந்தால் அதை உபசாரமாக நினைக்காதீர்கள். நேரமில்லாத ஒருவர் நேரம் ஒதுக்கி எழுதிய வரி அது. திருப்பி அனுப்பிய கதையைத் திருத்தி அதே இதழுக்கு அனுப்பக் கூடாது, அவர்களே கேட்டாலொழிய. வேறோர் இதழுக்கு அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். எங்களுக்குப் புதிதாக ஒன்று எழுதி அனுப்புங்கள். நான்கு முறை திருப்பி அனுப்பிய ஒருவரின் ஐந்தாவது கதையை, பெயர் தெரியாமலே, நான் ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன். அது வெளியான பிறகுதான் அவர் யாரென்று பார்த்தேன்.